கண்டிக்கு வரப்போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கண்டி டவுனில் குடியிருந்தால் சம்பளமில்லாத வேலை ஒன்று தானாக வந்து சேரும்: உறவுக்காரருக்கு வழி சொல்வது. யாழ்ப்பாணத்திலிருந்து பெரியம்மா வருவார், மட்டக்களப்பிலிருந்து கூடப் படித்தவர் வருவார், ஹட்டன் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள், திருச்சியிலிருந்து யாரோ ஒருவரின் மச்சான் வருவார். கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கட்டண விவரம் எதுவும் போடவில்லை. இன்று எழுதினால் அடுத்த மாதம் பொய்யாகிவிடும்.

ஒரு நாள் போதுமா?

போதாது. காலையில் வேனில் வந்து இறங்கி, புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகையைக் கும்பிட்டு, வாவிக் கரையில் போட்டோ எடுத்து, பேராதனைப் பூங்காவில் பாய் விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்து, இருட்டுவதற்குள் திரும்பிவிடுவதுதான் நம் சனத்தின் வழக்கமான கண்டிப் பயணம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் நகரத்தைப் பார்த்ததாகாது. இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் டவுனுக்குள் நடக்க, இன்னொரு நாள் பிலிமத்தலாவைப் பக்கமுள்ள, கண்டிக்கு முன் கம்பளை தலைநகரமாக இருந்த காலத்துக் கோயில்களுக்கு. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: மாளிகை வாசலோடு திரும்பிவிடாதீர்கள். தமிழ் படித்தவர்களுக்கு இங்கே காணக் கிடைப்பதில் பாதி அந்த வாசலுக்கு வெளியேதான் இருக்கிறது.

எப்படி வருவது?

கொழும்பிலிருந்து வீதியால் ஏறத்தாழ 115 கிலோமீட்டர். புறக்கோட்டையிலிருந்து பஸ் ஓயாமல் ஓடும். அவசரமில்லை என்றால் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறுங்கள்; 1867இல் கண்டிக்கு வந்த பாதை அது. ரம்புக்கனை வரை சாதாரணப் பயணம்தான். அதற்குப் பிறகு வண்டி மூச்சு வாங்கிக்கொண்டு ஏறத் தொடங்கும். சுரங்கத்துக்குள் நுழையும்போதெல்லாம் பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள். வெளியே வந்தால் பள்ளத்தாக்கு இன்னும் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நீங்கள் கண்டி வீதி என்று சொல்லும் அதே ஏ-9, ஏறத்தாழ 320 கிலோமீட்டர் கடந்து இங்கேதான் முடிகிறது. இரவு பஸ்ஸில் ஏறினால் விடிய வந்து சேரலாம். ரயிலில் வருவதானால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். மகியங்கனைப் பக்கமிருந்து வருகிறவர்கள் 18 வளைவுப் பாதையில் ஏற வேண்டியிருக்கும். வயிறு ஒத்துக்கொள்ளாதவர்கள் காலையில் கொஞ்சமாகச் சாப்பிடுவது நல்லது. ஹட்டன், நாவலப்பிட்டிக்காரருக்கு நான் வழி சொல்ல வேண்டியதில்லை.

அடைமழை நாட்களில் மட்டும் புறப்படுமுன் விசாரியுங்கள். மண்சரிவு என்றால் கடுகண்ணாவை வீதியை மூடிவிடுவார்கள், ரயிலும் நின்றுவிடும். கண்டியில் பஸ் நிலையம் ஒன்றல்ல என்பதையும் மனதில் வையுங்கள். மணிக்கூட்டுக் கோபுரத்தடி, போகம்பரைப் பக்கம், ரயில் நிலையத்தடி என்று பிரிந்து கிடக்கின்றன. கட்டுமான வேலைகளால் இடமும் மாறும். இறங்கும்போதே திரும்பிப் போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

எந்த மாதம் நல்லது?

தை முதல் பங்குனி வரை மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகையில் பின்னேரம் கட்டாயம் கொட்டும். நுவரெலியா மாதிரிக் குளிரும் என்று நினைத்துக் கம்பளி ஜாக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். கண்டி கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் அளவுதான், பகலில் வியர்க்கும். குடை போதும்.

பழைய அரச தலைநகரம் என்கிறீர்கள், கோட்டை மதில் எங்கே?

யாழ்ப்பாணம், காலிக் கோட்டைகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது. கண்டிக்குக் கல் மதில் தேவைப்படவில்லை. மேற்கு, வடக்கு, கிழக்கு என்று மூன்று பக்கமும் மகாவலி வளைத்து ஓடுகிறது. அதற்கு அப்பால் மலை. மலையில் காடு. காட்டுக்குள் போகும் ஒற்றையடிப் பாதைகளில் முட்கதவு போட்ட கடவத்தைகள் என்ற காவல் தடைகள். அகலமான வீதி போடுவதை அரசர்கள் வேண்டுமென்றே தவிர்த்தார்கள்.

ஊர் தலைநகரமான காலத்தைவிடப் பழையது. செங்கடகல என்ற பெயரில் 14ஆம் நூற்றாண்டில், கம்பளையில் ஆண்ட மூன்றாம் விக்கிரமபாகு காலத்தில் தொடங்கியது. 1592இல் முதலாம் விமலதர்மசூரியன் ஆட்சிக்கு வந்து, புனிதப் பல்லையும் இங்கே கொண்டுவந்த பிறகுதான் நாட்டின் கண் முழுக்க இதன் மேல் விழுந்தது. போர்த்துக்கேயர் 1594இல் தந்துறையில் படையோடு அழிந்தார்கள். 1638இல் கன்னொறுவையில் மறுபடி. பேராதனைப் பூங்காவிலிருந்து ஆற்றுக்கு அந்தப் பக்கம் தெரியும் ஊர்தான் கன்னொறுவை. ஒல்லாந்தர் 1765இல் நகரத்தைப் பிடித்தே விட்டார்கள், ஆனால் வைத்திருக்க முடியவில்லை. 1803இல் ஆங்கிலேயருக்கும் அதே கதி. சூத்திரம் ஒன்றுதான்: எதிரி வரும்போது அரசன் ஊரை விட்டுவிட்டு ஹங்குரன்கெத்தைப் பக்கம் மலைக்குள் போய்விடுவான், வந்தவன் வெறும் ஊரில் உட்கார்ந்து மழையிலும் காய்ச்சலிலும் பட்டினியிலும் கரைவான், திரும்பிப் போகும் வழியில் அடி விழும்.

1815இல் விழுந்தது போரில் அல்ல. உள்ளேயிருந்த பிரதானிகள் அரசனைக் கைவிட்டதால் விழுந்தது. அதற்குப் பிறகு, பிடித்ததை நழுவ விடாமலிருக்க, ஆங்கிலேயர் 1820களில் செய்த முதல் வேலை கொழும்பிலிருந்து அகல வீதி போட்டது. கடுகண்ணாவையில் பாறையைக் குடைந்த வழியையும், அந்த வீதியைப் போட்ட டோசன் என்ற பொறியியலாளருக்காக 1832இல் எழுப்பிய கோபுரத்தையும் பஸ் ஜன்னலிலிருந்தே பார்க்கலாம். கண்டியின் மதிலை யார் இடித்தார்கள் என்று கேட்டால் நான் அந்தப் பாறையைத்தான் காட்டுவேன்.

தலதா மாளிகைக்குள் பௌத்தர் அல்லாதவர்கள் போகலாமா?

தாராளமாக. யாரும் சமயம் கேட்பதில்லை. இலங்கைப் பிரஜைகளுக்கு டிக்கெட் இல்லை. அடையாள அட்டையைக் கையில் வைத்திருங்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கட்டணம் உண்டு, லண்டனிலிருந்து வரும் நம் சித்தப்பாக்களும் அதில் அடங்குவார்கள். வாசலில் பையையும் உடம்பையும் சோதிப்பார்கள். 1998 ஜனவரி 25ஆம் திகதி புலிகள் குண்டு லொறி கொண்டுவந்து வெடிக்க வைத்தது இந்த வாசலில்தான். மாளிகை முகப்பு உடைந்தது, பக்தர்கள் இறந்தார்கள். மாளிகைக்கு முன்னால் ஓடிய வீதியில் இன்று வாகனம் போகாததன் காரணம் அது. தமிழ்ப் பெயரைப் பார்த்துச் சந்தேகப்படுவார்களோ என்று சிலர் தயங்கிக் கேட்பார்கள். சோதனை எல்லோருக்கும் ஒன்றுதான். முகம் சுளிக்காமல் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போங்கள்.

என்ன உடுத்த வேண்டும்?

தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். வெள்ளை கட்டாயமில்லை, ஆனால் உள்ளே பெரும்பாலானவர்கள் வெள்ளையில்தான் இருப்பார்கள். வேட்டி, சேலை, சுடிதார் எல்லாம் சரி. கட்டைக் காற்சட்டைப் பையன்களுக்கு ஒரு சாரம் மடித்துப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். செருப்பைக் கழற்றி வைக்க இடம் உண்டு. புத்தர் சிலைக்கு முதுகு காட்டி நின்று செல்பி எடுக்காதீர்கள். இங்கே அதைப் பெரிய அவமதிப்பாக எடுப்பார்கள், பொலிஸ் வரைக்கும் போகும்.

புனிதப் பல்லைக் கண்ணால் பார்க்க முடியுமா?

முடியாது. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பேழைகளுக்குள் இருக்கிறது. பூசை நேரத்தில் வெளிப் பேழை மட்டும் தெரியும், அதுவும் வரிசை நகர நகர ஒரு கணம். பல்லையே வெளியே வைத்துக் காட்டுவது அபூர்வம். 2009க்குப் பிறகு 2025 சித்திரையில்தான் காட்டினார்கள். அப்போது வரிசை நாட்கணக்கில் டவுனைச் சுற்றி நின்றது, சனம் தெருவிலேயே படுத்தது.

பூசைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும்?

காலை 5.30, 9.30, மாலை 6.30. நான் எப்போதும் விடியற்காலைப் பூசையைத்தான் சொல்வேன். உல்லாசப் பயணிகள் இன்னும் எழுந்திருக்க மாட்டார்கள். கீழ்த் தளத்தில் மேளக்காரர்கள் அடிக்கத் தொடங்கினால் மரத் தளம் வழியாக அதிர்வு உள்ளங்காலுக்கு ஏறும். மேலே கையில் தாமரையும் அல்லியும் வைத்துக்கொண்டு ஆச்சிமார் தரையில் அமர்ந்திருப்பார்கள். புதன்கிழமை காலைப் பூசைக்குப் பிறகு நானுமுர என்ற நீராட்டுச் சடங்கு நடக்கும். அந்த வாசனை நீர் நோய் தீர்க்கும் என்று வாங்கிப் போவார்கள்.

கண்டியின் கடைசி ராஜா தமிழர்தானே?

தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்பதற்காகவே வருகிறார்கள். ஆமாம் என்று ஒற்றைச் சொல்லில் முடித்தால் பாதிப் பொய்.

1739இல் வீர நரேந்திரசிங்கன் பட்டத்துக்குரிய பிள்ளையில்லாமல் இறந்தபோது, மதுரைப் பக்கமிருந்து வந்த அவன் பட்டத்து ராணியின் தம்பி அரியணை ஏறினான். கண்டி அரசர்கள் க்ஷத்திரியப் பெண் வேண்டுமென்று மதுரை நாயக்க வம்சத்தில் சம்பந்தம் செய்துவந்ததன் விளைவு அது. ஸ்ரீ விஜய ராஜசிங்கன், கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், ராஜாதி ராஜசிங்கன், ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று நான்கு பேர், 1815 வரை. வீட்டில் தெலுங்கும் தமிழும். பிறப்பால் சைவ, வைணவப் பழக்கவழக்கம். ஆனால் அரியணையில் அமர்ந்தவன் பௌத்தத்தின் காவலனாக நடக்க வேண்டும், நடந்தார்கள். துறவிகளுக்கு உபசம்பதை என்ற முழுத் துறவுநிலை கொடுக்க ஆளில்லாமல் போயிருந்த நிலையில் 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) உபாலி தேரரை வரவழைத்து அந்தப் பரம்பரையை உயிர்ப்பித்தவன் கீர்த்தி ஸ்ரீதான். அதே ஆளைக் கொல்ல 1760இல் பிரதானிகள் சதி செய்ததும் உண்மை. ஆகவே 'தமிழ் ராஜ்யம்' என்று மார்தட்டுகிறவர்களிடமும், 'அந்நியர்' என்று ஒதுக்குகிறவர்களிடமும் எனக்கு ஒரே அளவு எரிச்சல்.

கடைசி ராஜாவின் இயற்பெயர் கண்ணுசாமி. 1798இல், 18 வயதளவில் பட்டத்துக்கு வந்தார். அவரைக் கொண்டுவந்த பிலிமத்தலாவை அதிகாரமே (அதிகாரம் என்பது முதன்மை மந்திரிப் பதவி) பிறகு அவருக்கு எதிராகச் சதி செய்து மரண தண்டனை பெற்றார். அடுத்த அதிகாரம் எகலப்பொல 1814இல் ஆங்கிலேயரிடம் போய்ச் சேர, ராஜா அவருடைய மனைவியையும் சின்னப் பிள்ளைகளையும் கொல்வித்தார். மனைவியை மூழ்கடித்தது போகம்பரைக் குளத்தில். சிங்கள வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறும். ராஜாவுக்கு வக்காலத்து வாங்குமுன் அதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1815 பெப்ரவரி 18இல் மெதமகாநுவரைப் பக்கம் அவரைப் பிடித்தார்கள். மார்ச் 2இல், மாளிகை வளவில் மரத்தூண்களோடு திறந்து கிடக்கும் அரச சபா மண்டபத்தில் கண்டி ஒப்பந்தம் வாசிக்கப்பட்டது. மகுல் மடுவ என்று கேளுங்கள், காட்டுவார்கள். கையொப்பமிட்ட பிரதானிகளில் சிலர் தமிழ் எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே ஒப்பந்தத்தின் ஒரு பிரிவு, ராஜாவின் ஆண் உறவினரையும் வெளியேற்றப்பட்ட 'மலபார்' (தென்னிந்தியருக்கு அன்று ஆங்கிலேயர் சொன்ன பெயர்) ஆண்களையும் அனுமதியின்றி இந்த மாகாணங்களுக்குள் திரும்ப வரக்கூடாது என்று தடுக்கிறது. பத்து வருடம்கூட ஆகவில்லை, அதே ஆங்கிலேயர் கம்பளையில் கோப்பித் தோட்டம் போட்டு, தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கினார்கள்.

ராஜா வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து 1832இல் காலமானார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் அவர் அடக்கமான இடம். வேலூர்க்காரர்கள் கண்டிக்கு வருமுன் அதைப் பார்த்துவிட்டு வந்தால் இரண்டும் பொருந்தும். அவருடைய சிம்மாசனம் 1934இல் இங்கிலாந்திலிருந்து திரும்பி வந்தது. அதைக் கண்டியில் தேடாதீர்கள், கொழும்புத் தேசிய நூதனசாலையில் இருக்கிறது.

வாவியைக் கட்டியதும் அவரா?

அவர்தான், 1807இல். முன்பு வயல். தூர்ந்த வயலில் அணை கட்ட ஊராரை இராஜகாரியம் என்று கூலியில்லாமல் இழுத்ததுதான் அவர் மேல் வெறுப்பு வளர ஒரு காரணம். மாளிகையின் எண்கோண மண்டபமும், கரையோரம் அலையலையாக ஓடும் வெள்ளைச் சுவரும் அந்தக் காலத்தவை. சுவரை ஒட்டி நடக்கும்போது முக்கோணத் துளைகளைப் பாருங்கள். விழா நாளில் விளக்கு வைக்க விட்டவை. சில இடங்களில் உட்பக்கம் இன்னும் கறுத்திருக்கும். வாவியைச் சுற்ற 3 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். காலை ஏழுக்கு முன் நடந்தால் கொக்கும் நீர்க்காகமும். பின்னேரம் நடந்தால் வாகனப் புகை.

மாளிகைக்கு எதிரே இருக்கும் தேவாலயங்கள் எவை?

தேவாலயம் என்றதும் மாதா கோயில் என்று நினைத்துவிடாதீர்கள்; இங்கே அது தெய்வங்களின் கோயில். (மாதா கோயிலைப் போன்ற செங்கட்டிடமும் அதே வளவை ஒட்டி நிற்கிறது. அது ஆங்கிலேயர் கட்டிய புனித பவுல் தேவாலயம்.) நகரைக் காப்பவை நான்கு: நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி. நாதர் என்ற போதிசத்துவருக்குரியது 14ஆம் நூற்றாண்டுக் கருங்கல் கட்டிடம், கண்டியில் நிற்பவற்றில் மிகப் பழையது. பட்டத்துக்கு வரும் அரசனுக்குப் பெயர் சூட்டியது அங்கேதான். கருவறையின் மேல் எழும் விமானத்தைப் பார்த்ததும் நம்மவர்கள் 'இது நம்ம ஊர்க் கோயில் மாதிரியல்லவா' என்பார்கள். தென்னிந்தியத் திராவிட பாணிதான்.

பத்தினி வேறு யாருமில்லை, கண்ணகி. சிலப்பதிகாரத்தில் வரும் இலங்கை அரசன் கயவாகு கொண்டுவந்த வழிபாடு என்பது இங்குள்ளவர்கள் நம்பிக்கை. மட்டக்களப்பில் வைகாசிக் குளிர்த்திச் சடங்கில் நீங்கள் கும்பிடும் அதே அம்மன், இங்கே அம்மை நோய்க்கும் பிள்ளை வரத்துக்கும் சிங்களத் தாய்மார் பூத்தட்டோடு வரிசையில் நிற்கும் அம்மன். அவளுடைய சின்னம் சிலம்பு. மாளிகையில் ஒரு மணித்தியாலம் இருந்தால் இங்கே அரை மணியாவது இருங்கள். நெரிசல் இல்லை, டிக்கெட் இல்லை, நேர்த்திக்குச் சில்லறை முடிந்து ஒரு கயிற்றில் கட்டிய துணிகள் காற்றில் ஆடும்.

கதிர்காம தேவாலயம் மட்டும் இந்த வளவில் இல்லை. கொட்டுகொடெல்ல வீதியில் கடைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறது. தங்க நகைக்கடையைத் தேடிப் போகிறவர்கள் தற்செயலாக முருகனைக் கண்டுவிடுவார்கள்.

பெரஹரா ஊர்வலத்தைப் பார்க்க வேண்டுமானால்?

எசல மாதம், ஆடி ஆவணி வாக்கில், பத்து இரவுகள். முதல் ஐந்து கும்பல் பெரஹரா, அடுத்த ஐந்து ரந்தோலி. மாளிகை ஊர்வலம் முன்னே, பிறகு நாத, விஷ்ணு, கதிர்காம, கடைசியாகப் பத்தினி. கதிர்காம ஊர்வலம் வரும்போது காவடி ஆட்டம் வரும். தமிழ்ச் சனம் விசிலடிக்கும் இடம் அது. யானை சுமப்பது பேழையை. பல் மாளிகையை விட்டு வெளியே வருவதில்லை.

கடைசி ரந்தோலி இரவுக்கு மத்தியானமே வந்து நடைபாதையில் பொலித்தீன் விரித்து இடம் பிடிக்க வேண்டும். எழுந்து மூத்திரத்துக்குப் போனால் இடம் போய்விடும். வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு என் பரிந்துரை இரண்டாவது அல்லது மூன்றாவது கும்பல் இரவு. அலங்காரம் கொஞ்சம் குறைவு, ஆனால் ஆட்டக்காரரின் முகம் பார்க்கலாம். நடைபாதைக் கதிரை விற்பவர்களிடம் பணம் கொடுக்குமுன் அது எந்த வீதி, எந்த வரிசை என்று நேரில் போய்ப் பாருங்கள். அறை வாடகை அந்த நாட்களில் பல மடங்காகும். மாதக்கணக்கில் முன்பே பேசி வையுங்கள்.

இரண்டாம் நாள் எங்கே போகச் சொல்கிறீர்கள்?

கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்க. கண்டி வளருமுன், 1341இலிருந்து கம்பளை தலைநகரமாக இருந்த காலத்தவை. பிலிமத்தலாவையிலிருந்து உள்ளே திரும்பினால் ஒன்றிலிருந்து அடுத்ததற்கு 3, 4 கிலோமீட்டர்தான். திரீவீல்காரரிடம் மூன்றுக்கும் சேர்த்து, காத்திருக்கும் நேரத்தோடு ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள்.

கடலாதெனிய 1344இல் கட்டப்பட்டது. கட்டிய சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. உள்ளே புத்தர், வெளியே பார்த்தால் தென்னிந்தியக் கற்கோயில்: தூண், அதிட்டானம் என்ற அடிப்பீடம், படியோரத்து யானைகள் எல்லாம். வெறும் பாறை மேல் நிற்பதால் பத்து மணிக்கு மேல் காலைச் சுட்டெரிக்கும். ஒரு சோடி காலுறை கொண்டுபோங்கள்.

லங்காதிலகவும் அதே ஆண்டு. செங்கல்லில் கட்டி வெள்ளை பூசிய உயர்ந்த கட்டிடம். முன்பக்கம் விகாரை, பின்பக்கம் சுற்றி தெய்வங்களின் சந்நிதிகள். ஒரே கட்டிடத்துக்கு இரண்டு பக்க வாசல், இரண்டு வகை வழிபாடு. இங்கே நான் கூட்டிப் போகிறவர்களை முதலில் கொண்டுபோய் நிறுத்துவது கட்டிடத்தின் முன் அல்ல, பாறைச் சாசனத்தின் முன். கோயிலுக்குக் கொடுத்த மானியத்தைச் சிங்களத்திலும் தமிழிலும் வெட்டியிருக்கிறார்கள். எழுத்து தேய்ந்திருக்கும். நேர் வெயிலில் ஒன்றும் தெரியாது. காலை வெயில் சாய்வாக விழும்போது, அல்லது போன் லைட்டைப் பக்கவாட்டில் பிடித்தால், ஓர் எழுத்து, இன்னோர் எழுத்து என்று கிளம்பி வரும். முழுவதையும் வாசிக்க யாராலும் சட்டென்று முடியாது. ஆனால் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒரு 'க'வைக் கண்டுபிடித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பார்வைக்காகவே நான் திரும்பத் திரும்பப் போகிறேன்.

எம்பெக்க கதிர்காமத் தெய்வத்தின் கோயில். மேள மண்டபத்து மரத்தூண்களில் மல்லர்கள், கழுத்தைப் பின்னிக்கொண்ட அன்னங்கள், இரட்டைத் தலைப் பறவை, பாலூட்டும் தாய். மேலே அண்ணாந்து பாருங்கள்: 26 கைமரங்கள் வந்து ஒரே ஆப்பில் சேர்ந்து நிற்கின்றன. வழிகாட்டி என்று ஒருவர் தானாக வந்து ஒட்டிக்கொள்வார். விவரம் தெரிந்தவர்களும் உண்டு. தொகையை முன்பே பேசுங்கள்.

நம்முடைய கோயில்கள்?

டவுனில் கட்டுக்கலை செல்வ விநாயகர். ரயில் நிலையத்திலிருந்து பெரிய தூரமில்லை, கொழும்பு வீதியோரம். பேராதனைப் பல்கலைக்கழக வளவில் குறிஞ்சிக்குமரன், மேட்டில் இருக்கிறார். அங்கே படித்துப் போன தமிழர் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஏறிப் போய்க் கும்பிடாமல் திரும்புவதில்லை. அரை நாள் இருந்தால் 25 கிலோமீட்டரில் மாத்தளை முத்துமாரியம்மன். ராமேஸ்வரக் கரையிலிருந்து தோணியில் வந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே நடந்து வந்த கோப்பிக் காலத்து ஆட்கள் மலைக்கு ஏறுமுன் வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. 2023இல் மலையகத் தமிழரின் 200 ஆண்டை நினைத்து தலைமன்னாரிலிருந்து நடந்தவர்களும் மாத்தளையில்தான் நடையை முடித்தார்கள். மாசி மகத் தேர்த் திருவிழாவுக்கு வந்தால் ஐந்து தேரையும் பார்க்கலாம்.

பள்ளிவாசல் தேடுகிறவர்களுக்கு டவுனுக்குள்ளேயே மீரா மக்காம் இருக்கிறது.

சிங்களம் தெரியாது. சமாளிக்கலாமா?

டவுன் கடைகளில் தமிழ் கதைப்பவர் ஒருவராவது இருப்பார். எம்பெக்கப் பக்கம் கிராமங்களில் கொஞ்சம் கஷ்டம். சிரிப்பும் கை ஜாடையும் போதும்.

சாப்பாடு?

சைவக்கடை உண்டு, தோசை வடை எந்நேரமும் கிடைக்கும். முஸ்லிம் கடைகளில் கொத்தும் புரியாணியும். பௌர்ணமிப் போயா தினத்தில் இறைச்சிக் கடையும் சாராயக் கடையும் மூடியிருக்கும். சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வாவிக் கரையில் பிரிக்காதீர்கள், குரங்கு விடாது.

பேராதனைப் பூங்காவுக்குப் போகத்தான் வேண்டுமா?

போங்கள், ஆனால் காலையில். 147 ஏக்கர், முட்டிவலிக்காரர் முழுதும் நடக்க முடியாது. பெரிய ஆலமரம் போல் பரந்து நிற்கும் ஜாவா அத்தி, மகாவலிக்குக் குறுக்கே ஆடும் தொங்கு பாலம், பனை வரிசை மூன்றையும் பார்த்தால் போதும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டி வரலாமா?

வரலாம். மாளிகையில் மேல் தளத்துக்குப் படி ஏற வேண்டும். நெரிசலில் அது கஷ்டம், விடியற்காலையில் பரவாயில்லை. லங்காதிலகவில் ஊர்ப் பக்கமாக ஏறும் கற்படிகள் செங்குத்து. வாகனம் மேல் வாசல் வரை போகும் பாதையைக் கேட்டுப் போங்கள். பகிரவகந்தைப் பெரிய புத்தர் சிலைக்குக் கால்நடையாக ஏற்றாதீர்கள், ஓட்டோ பிடியுங்கள்.

ட்ராஃபிக் அவ்வளவு மோசமா?

பள்ளிக்கூடம் விடும் நேரம், பகல் ஒன்றரையிலிருந்து, டவுன் அசையாது. மூன்று பக்கமும் மலையும் வாவியும் இருக்கும் கிண்ணத்துக்குள் எல்லா வீதியும் வந்து விழுகிறது. டவுனுக்குள் ஓட்டோவில் ஏறுவதைவிட நடப்பது விரைவு. அரசர் காலத்து வீதிகள் சதுரம் சதுரமாக ஓடுவதால் வழி தவறாது.

ஏமாற்றுக்காரர்கள்?

வாவிக் கரையில் நன்றாக உடுத்திய ஒருவர் வந்து 'இன்றைக்கு விசேட பெரஹரா, டிக்கெட் எடுத்துத் தரவா' என்பார். இல்லை என்று சொல்லி நடங்கள். மாத்தளை வீதியிலும் மாவனல்லைப் பக்கமும் மசாலாத் தோட்டம் காட்டுவதாக வேன் டிரைவர் நிறுத்தினால், அவருக்குக் கமிஷன் உண்டு என்பதை அறிந்துகொண்டு இறங்குங்கள். கருவாவும் கராம்பும் டவுன் மத்திய சந்தையில் இதைவிட மலிவு.

அதே பயணத்தில் நுவரெலியாவையும் பின்னவலையையும் சேர்க்கலாமா?

பின்னவலை கொழும்பு போகும் வழியில் கேகாலைக்குக் கிட்ட. திரும்பும் நாளில் சேர்க்கலாம். நுவரெலியாவைச் சேர்க்காதீர்கள். றம்பொடை வழியாக ஏறி இறங்கவே பகல் போய்விடும். அதற்குத் தனியாக இரண்டு நாள் ஒதுக்கி, அப்போது அந்தக் கம்பளி ஜாக்கெட்டையும் கொண்டு வாருங்கள்.